அணிலும் பூலித்தேவரும்

குற்றால சீசனில் இப்போது ஒரு புதுக் காட்சி. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும். அப்பா உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, துண்டோடு மெயின் அருவிக்குத் தயாராக நிற்பார். பையன் மட்டும் லாட்ஜ் கட்டிலை விட்டு இறங்க மாட்டான். கையில் சின்னத் திரை. "இருப்பா, டீம் செட் பண்ணிட்டு வர்றேன்!"

திட்டாதீர்கள். பையன் செய்துகொண்டிருப்பது சாதாரண விளையாட்டு அல்ல. அவன் ஒரு கூட்டணி அமைத்துக்கொண்டிருக்கிறான். அவன் படுத்திருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் வடக்கே போனால், 270 வருஷத்துக்கு முன் அதே வேலையை உயிரைப் பணயம் வைத்துச் செய்த ஒருவரின் ஊர் வரும். அவரிடம் போவதற்கு முன், பையனின் ஆட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

ஜப்பானில் சதோஷி தஜிரி என்று ஒருவர். டோக்கியோவை ஒட்டிய மச்சிடா என்ற ஊரில் வளர்ந்தவர். சின்ன வயதில் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், பூச்சி பிடிப்பது. நம்மூர்ப் பையன்கள் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்ப்பார்களே, அதே ரகம். வயலும் குளமும் இருந்த இடத்தில் கட்டடங்கள் எழும்ப எழும்ப, பூச்சிகள் காணாமல் போயின. பெரியவரானதும், 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவிகள் இரண்டை ஒரு வயரால் இணைக்கலாம் என்று பார்த்தபோது அவருக்குத் தோன்றியது: இந்த வயர் வழியாகப் பூச்சி ஒன்று இங்கிருந்து அங்கே ஊர்ந்து போனால் எப்படி இருக்கும்?

அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் 'போக்கிமான்'. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியானது. அப்போது அதில் 151 விசித்திர ஜந்துகள். இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அவற்றைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், மற்றவர்களின் ஜந்துகளோடு மோதவிட வேண்டும்.

'அதிக பலசாலியாகப் பார்த்து ஆறு பேரைச் சேர்த்தால் ஜெயித்துவிடலாமே' என்றுதானே நினைக்கிறீர்கள்? புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உடனே தோற்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஓர் இனம் உண்டு. நெருப்பு, புல்லைப் பொசுக்கும். புல், தண்ணீரைக் குடித்துவிடும். தண்ணீர், நெருப்பை அணைத்துவிடும். இப்படிப் பதினெட்டு இனங்கள். எல்லாரையும் அடிக்கிறவன் என்று யாரும் இல்லை. எந்தப் பலசாலிக்கும் எங்கோ ஓர் எமன் இருக்கிறான். உலகப் போட்டியில் ஆறு பேரைக் காட்ட வேண்டும். எதிராளியின் ஆறைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து நாலு பேரை இறக்க வேண்டும். களத்தில் ஒரு சமயத்துக்கு இரண்டு பேர்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'யார் பலசாலி?' என்பது அல்ல. 'யாருடைய பலவீனத்தை யார் மறைப்பது?' என்பதுதான். டீம் அமைத்து, மோதிப் பார்த்து, தோற்று, எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து, ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போட்டு, மறுபடி மோத வேண்டும். மாசக்கணக்கில் நடக்கிற வேலை இது.

இதற்கு உதாரணமாக ஒரு கதையைச் சொல்வார்கள். 2014 ஆகஸ்ட். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உலகப் போட்டி. தென்கொரியாவைச் சேர்ந்த சே ஜுன் பார்க் என்ற இளைஞர் தன் அணியில் ஓர் அணிலை வைத்திருந்தார். பெயர் பச்சிரிசு. மின்சார அணில். பார்க்க அழகு, அடித்தால் யாருக்கும் பெரிதாக வலிக்காது. டிராகன்கள் மோதுகிற களத்தில் அணிலா என்று அரங்கமே ஆச்சரியப்பட்டது.

பார்க் என்ன கணக்குப் போட்டார் தெரியுமா? அவருடைய முக்கிய அடியாள் கியாரடோஸ் என்ற கடல் ராட்சஸன். அவனுக்கு மின்சாரம் பட்டால் தீர்ந்தது கதை. அணிலுக்கோ மின்சாரம்தான் சாப்பாடு! மேலே பாய்கிற மின்சாரத்தை உறிஞ்சித் தெம்பாகிவிடும். 'என்னை அடி' என்று எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கிற வித்தையும் அதற்குத் தெரியும். அதனால் பார்க் அதைத் தாக்குவதற்குத் தயார் செய்யவே இல்லை. அடி தாங்கத் தயார் செய்தார். அணில் அடி வாங்கிக்கொண்டே நிற்க, பக்கத்தில் நின்றவர்கள் வேலையை முடித்தார்கள். பார்க் உலக சாம்பியன்.

ராமர் பாலத்துக்கு மண் சுமந்த அணிலின் கதை நமக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடைத்தது. இந்த அணிலுக்கு சாம்பியன் பட்டம்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

வருஷம் 1755. மதுரை நாயக்கர்கள் போய்விட்டார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி, திருநெல்வேலிச் சீமை தனக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்கிறார். கட்டுகிறவர்கள் யாரும் இல்லை. வசூல் பண்ண கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களைக் கூப்பிடுகிறார். கர்னல் ஹெரான் தலைமையில் படை வருகிறது. கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான். சிப்பாய்களுக்குத் தலைவர் யூசுப்கான், நீங்கள் மருதநாயகம் என்று கேள்விப்பட்டிருக்கும் அதே ஆசாமி.

இன்றைய தென்காசி மாவட்டத்தில், வாசுதேவநல்லூர் பக்கம், நெற்கட்டும்செவல் என்ற சின்ன பாளையம். அதன் தலைவர் பூலித்தேவர். ஹெரான் கோட்டை வாசலில் வந்து நின்று கப்பம் கேட்டார். பூலித்தேவர் தரவில்லை. ஹெரானிடம் கோட்டையை உடைக்கிற பெரிய பீரங்கி இல்லை, சிப்பாய்களுக்குச் சாப்பாடு இல்லை, சம்பளமும் பாக்கி. மதுரைக்குத் திரும்பினார். கம்பெனி அவரைத் திரும்ப அழைத்து வேலையை விட்டே அனுப்பியது.

மற்றவர்களாக இருந்தால் விழா எடுத்திருப்பார்கள். பூலித்தேவர் அதைச் செய்யவில்லை. அடுத்த தடவை பீரங்கியோடு வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். டீம் சேர்க்க ஆரம்பித்தார்.

முதலில் அக்கம்பக்கம். மேற்கு மலையை ஒட்டிய மறவர் பாளையங்கள். வடகரை, சேத்தூர், ஊத்துமலை, சுரண்டை, கொல்லங்கொண்டான் என்று ஒவ்வொன்றாக வந்தன. தென்காசியிலிருந்து வண்டி ஏறினால் இந்த ஊர்களில் பெரும்பாலானவற்றை ஒரே பகலில் சுற்றி வந்துவிடலாம். இவர்களுடைய பலம் காடும் மலையும், ஈட்டியும் வளரியும், மண் கோட்டையும். பலவீனம், திறந்த வெளியில் குதிரைப்படையோடு மோதுவது.

குதிரைக்கு என்ன வழி? மதுரை, திருநெல்வேலிப் பக்கம் நவாபுக்குப் பிடிக்காத பட்டாணியத் தளபதிகள் மூன்று பேர் இருந்தார்கள். மியானா, முடேமியா, நபிகான் கட்டக். அவர்களோடு உறவு கொண்டாடினார்.

அப்புறம் பயிற்சி பெற்ற காலாட்படை. அதற்கு மலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மர். 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களை ஜெயித்து, அங்கே பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரியை வைத்தே தன் படையை ஐரோப்பிய பாணியில் பழக்கியவர். அவருக்குக் களக்காட்டின் மேல் ஒரு கண். 'நீங்கள் களக்காட்டுக்கு வாருங்கள், நான் உங்கள் பக்கம்' என்பதுதான் உடன்பாட்டின் சாரம்.

அணியைப் பாருங்கள். காட்டுக்கு மறவர், வெட்டவெளிக்குக் குதிரை, நேருக்கு நேர் மோத மலையாளப் படை. ஒருவர் ஓட்டையை இன்னொருவர் அடைக்கிறார்!

பலன் உடனே தெரிந்தது. களக்காட்டுச் சண்டையில் திருவிதாங்கூரின் 2,000 வீரர்கள் பூலித்தேவரோடு சேர்ந்துகொண்டார்கள். கம்பெனி சிப்பாய்களை வைத்திருந்தும் மாபூஸ்கான் படை தோற்றது.

ஆனால் 1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே நடந்த சண்டையில் கதை மாறியது. முடேமியா களத்தில் இறந்துபோனார். பூலித்தேவர் பின்வாங்கினார். வேறு ஆள் பிடிக்க வேண்டிய கட்டாயம். பிடித்த ஆள் யார் தெரியுமா? மாபூஸ்கானேதான்! தம்பி நவாபாக இருக்க, அண்ணனாகப் பிறந்தும் தனக்கு ஒன்றுமில்லையே என்ற வருத்தம் அவருக்கு. நேற்றுவரை எதிரில் நின்றவரைப் பூலித்தேவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆனாலும் ஓர் ஓட்டையை அவரால் கடைசி வரை அடைக்க முடியவில்லை. கிழக்கே இருந்த நாயக்கர் பாளையங்களான பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் வரவில்லை. பக்கத்திலேயே இருந்த சிவகிரியும் வரவில்லை. ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனி பக்கம் நின்றன. மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். அவர் மராட்டியர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியும் வந்து சேரவில்லை.

இந்த நேரத்தில்தான் எதிர் அணிக்கு நிஜமான ஆட்டக்காரர் வந்தார். யூசுப்கான். 1759ல் மதுரை, திருநெல்வேலி இரண்டும் அவர் பொறுப்பு. மண்ணின் மைந்தர். அவர் பூலித்தேவரின் கோட்டையைப் பார்க்கவில்லை; அணியைப் பார்த்தார். இதில் எந்தத் தூணை உருவினால் மொத்தமும் சரியும்?

திருவிதாங்கூர்!

மார்த்தாண்ட வர்மர் 1758ல் காலமாகிவிட்டார். அடுத்து வந்தவர் தர்மராஜா என்று அழைக்கப்பட்ட ராம வர்மர். யூசுப்கான் அவரிடம் பேரம் பேசினார். 'களக்காடுதானே வேண்டும்? எடுத்துக்கொள்ளுங்கள்.' அவ்வளவுதான். நேற்று பூலித்தேவருக்காக மலையிறங்கி வந்த படை, இன்று யூசுப்கானோடு சேர்ந்து வடகரையைத் தாக்கியது. பூலித்தேவர் வலைபோட்டுப் பிடித்த அதே தூண்டில் புழுவால், அதே மீனை யூசுப்கான் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படியும் பூலித்தேவர் சுலபத்தில் விழவில்லை. 1759 டிசம்பரில் யூசுப்கான் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கியபோது, நெற்கட்டும்செவலிலிருந்து புறப்பட்டு வந்து முற்றுகையிட்டவர்களையே அடித்துத் துரத்தினார். யூசுப்கான் அவசரப்படவில்லை. திருச்சியிலிருந்து பெரிய பீரங்கிகள் வரட்டும் என்று காத்திருந்தார். 1760 செப்டம்பரில் வந்தன. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியும் ஆங்கிலேயரிடம் விழுந்தது. பிரெஞ்சு உதவி வரும் என்ற கடைசி நம்பிக்கையும் போயிற்று. சேத்தூர், ஊத்துமலை, சுரண்டை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 1761 மே 16. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் யூசுப்கான் கையில்.

பூலித்தேவர் தப்பினார். 1764ல் திரும்பி வந்து நெற்கட்டும்செவலைப் பிடித்தார். 1767ல் காம்ப்பெல் தலைமையில் வந்த கம்பெனிப் படையிடம் மறுபடி தோற்றார். அதன்பின் அவர் என்ன ஆனார்? சங்கரன்கோவில் கோமதி அம்மன் சந்நிதியில் ஜோதியாக மறைந்துவிட்டார் என்று ஊர் ஜனங்கள் இன்றும் நம்புகிறார்கள்.

ஜெயித்த யூசுப்கானின் கதியையும் சொல்லிவிட வேண்டும். 1764 அக்டோபர் 15 அன்று, யாருக்காக இத்தனையும் செய்தாரோ, அந்த நவாபும் கம்பெனியும் சேர்ந்தே மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி, 'துரோகிகளால் வீழ்ந்தான் தமிழன்' என்று முடிப்பது சுலபம். கொஞ்சம் பொறுங்கள். திருவிதாங்கூர் ராஜா வந்தது களக்காட்டுக்காக, போனதும் களக்காட்டுக்காக. பட்டாணியர்களும் மாபூஸ்கானும் வந்தது நவாப் மேல் இருந்த கோபத்தால். சேத்தூர்க்காரருக்கும் சுரண்டைக்காரருக்கும் தங்கள் மண்கோட்டையும் குடிகளும் முக்கியம். பீரங்கி வாசலுக்கு வந்தபோது அவர்கள் தங்கள் ஊரைப் பார்த்தார்கள். கப்பம் கட்டக் கூடாது என்பதே லட்சியமாக நின்றவர் அந்த அணியில் ஏறக்குறைய ஒருவர்தான். அவர்தான் கேப்டன்.

பையனின் ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பச்சிரிசுவுக்குச் சொந்த ஊர் கிடையாது. பிள்ளைகுட்டி கிடையாது. 'நான் ஏன் இவனுக்காக அடி வாங்க வேண்டும்?' என்று அது கேட்காது. மனிதர்கள் கேட்பார்கள். அவர்களிடம் பலம், பலவீனம் இரண்டையும் எடைபோட்டால் மட்டும் போதாது. எதற்காக வந்திருக்கிறார்கள் என்ற மூன்றாவது கணக்கும் உண்டு. விலை கொடுத்துச் சேர்த்தவரை, அதைவிடச் சுலபமாக அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர் கொண்டுபோய்விடுவார்.

1755ல் விலகி நின்ற பாஞ்சாலங்குறிச்சியில் 44 வருஷம் கழித்து வீரபாண்டிய கட்டபொம்மன் இதே முயற்சியில் இறங்கினார். சிவகிரியைக் கூப்பிட்டார். சிவகிரி இந்தத் தடவையும் மறுத்தது. எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது. 1799 அக்டோபரில் கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டார்கள். முதல் தடவை பூலித்தேவரோடு கிழக்குப் பாளையங்கள் சேர்ந்திருந்தால்? பதில் தெரியாத கேள்விதான். ஆனால் மேற்கும் கிழக்கும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன என்பது மட்டும் தெரிந்த சரித்திரம்.

இந்த சீசனுக்குக் குற்றாலம் போனால், அருவிகளைப் பார்த்து முடித்ததும் ஒரு பகலை ஒதுக்கி வையுங்கள். தென்காசி - மதுரை சாலையில் கடையநல்லூர், புளியங்குடி தாண்டி வாசுதேவநல்லூர். அங்கிருந்து நெற்கட்டும்செவல். அரசாங்கம் கட்டிய நினைவு மாளிகை இருக்கிறது. பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். டீம் என்றால் என்ன என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். மீதியை நீங்கள் சொல்லுங்கள்.