ஜித்தாவின் வெள்ளைக் கூடாரங்கள்: வரைந்தவரும் கட்டியவரும்



ஊரில் ஹஜ்ஜுக்குப் போய் வந்த பெரியவர்களிடம் ஜித்தா விமான நிலையத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அந்த வெள்ளைக் கூடாரம்" என்றுதான் தொடங்குவார்கள். 1980களின் இறுதியில் போய் வந்த என் உம்மம்மாவும் அப்படித்தான். கஃபாவையும் மதீனாவையும் சொல்லி முடித்த பிறகு, அந்தக் கூடாரத்தின் கீழ் பாய் விரித்து மணிக்கணக்காகக் காத்திருந்த கதைக்கு வருவார். "மேலே பார்த்தா வெளிச்சம் வருது மகன், வெயில் மட்டும் வரல்ல" என்பார். அது துணி என்று எவ்வளவு சொல்லியும் அவர் கடைசி வரை நம்பவில்லை.

துணிதான். கண்ணாடி நாரில் நெய்து, டெஃப்லோன் பூசிய துணி. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. விழும் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். 7 வீதம் அளவில்தான் வெளிச்சமாக உள்ளே இறங்கும். மொத்தம் 210 கூடாரங்கள். ஒவ்வொன்றும் 45 மீற்றருக்கு 45 மீற்றர் சதுரம். நம் ஊர்ப் பாடசாலை மைதானத்தில் ஒன்றை விரித்தால் கிரிக்கெட் விளையாட இடம் மிஞ்சாது. ஒரே நேரத்தில் 80,000 ஹாஜிகள் தங்குவதற்கென்று திட்டமிட்ட இடம் அது.

இதை இப்போது எழுதக் காரணம், நமது பள்ளிவாசலின் மேல்மாடி வேலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முனையத்தை வடிவமைத்தது ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் என்ற அமெரிக்க நிறுவனம். கட்டடக்கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்ட். பொறியியலாளர் நம்மவர் என்று நாம் உரிமையோடு சொல்லக்கூடிய ஒருவர்: பஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் இன்றைய பங்களாதேஷில் பிறந்து, டாக்காவில் படித்து, 1952இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா போனவர். சிக்காகோவின் 100 மாடி ஜோன் ஹான்கொக் கட்டடமும், 110 மாடி சியர்ஸ் கோபுரமும் அவருடைய கணக்கில் எழுந்தவை.

அந்த ஹான்கொக் கட்டடத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. 1966இல் வேலை மேலெழுந்துகொண்டிருந்தபோது, நிலத்துக்குள் இறக்கிய அடித்தளத் தூண்களில் ஒன்று அமிழ்ந்துவிட்டது. கொங்கிறீட் ஊற்றிய பின் சுற்றியிருந்த உருக்குக் குழாயை இழுத்தெடுக்கும்போது தூணுக்குள் வெற்றிடம் விழுந்திருந்தது. வரைபடத்தில் பிழை இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. பிழை இருந்தது மண்ணுக்கடியில், ஊற்றிய விதத்தில். மற்றத் தூண்களையெல்லாம் சோதித்து முடியும் வரை வேலை மாதக்கணக்காக நின்றது.

ஒரு காலத்தில் இந்த இடைவெளியே இருக்கவில்லை. கொழும்பு புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1908இல் தொடங்கி 1909இல் முடித்த அந்தப் பள்ளியை வரைந்தவரும் கட்டியவரும் ஹபீபு லெப்பை ஸாயிபு லெப்பை என்ற ஒரே மனிதர். பட்டம் பெற்ற கட்டடக்கலைஞர் அல்ல. மனதில் இருந்தது கைக்கு வந்தது, நடுவில் வேறு ஆள் இல்லை. பின்னர் வரைவது ஒரு தொழிலாகவும் கட்டுவது இன்னொரு தொழிலாகவும் பிரிந்தன. நடுவே கடதாசி வந்தது. கடதாசி கேள்வி கேட்காது, கேட்டால் பதிலும் சொல்லாது.

ஜித்தா கூடாரங்களில் அந்தப் பிரிவினை செல்லுபடியாகவில்லை. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஒரு சுவரைக் கட்டடக்கலைஞர் விரும்பியபடி வரையலாம், மேசன் அதன்படி கட்டலாம். இழுத்துக் கட்டும் துணியை அப்படி வரைய முடியாது. மேலே வளையம் எவ்வளவு இழுக்கிறது, ஓரத்தில் கம்பிவடம் எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பொறுத்துத் துணி தன் வடிவத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்த வளைந்த வடிவத்தைத் தட்டையான துண்டுகளாகப் பிரித்துத் தொழிற்சாலையில் வெட்ட வேண்டும். தையற்காரரிடம் கேட்டால் புரியும்: சட்டைத் தோளின் வளைவு, துணியை வெட்டும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அதாவது வரைபவரின் வடிவமும் வெட்டுபவரின் அளவும் ஒரே கணக்கு. சுவர் பிழைத்தால் சாந்து பூசி மறைப்போம். 45 மீற்றர் துணி பிழைத்தால் எதைப் பூசுவது?

1972 மியூனிக் ஒலிம்பிக் கூரைக்குச் சிறிய மாதிரிகள் செய்து அளந்து பார்த்தார்கள். அந்த அளவுகளின் நுட்பம் போதவில்லை, கணினியிடம் போக வேண்டியதாயிற்று. ஜித்தாவில் கணினி முன்னுக்கே வந்துவிட்டது. கூரை வேலையை ஏற்ற ஒப்பந்தக்காரர் ஓவன்ஸ் கோர்னிங் நிறுவனம். அவர்கள் பக்கத்தில் கணக்குப் பார்த்தவர் ஹோர்ஸ்ட் பேர்கர் என்ற பொறியியலாளர். இந்தப் பக்கம் கானின் குழு. கூரையின் வடிவம், காற்றின் அழுத்தம், கம்பிவடத்தின் இழுவை, துணித் துண்டின் அளவு எல்லாம் கணினிக் கணக்கில் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒரு பக்கத்து எண் மாறினால் மறுபக்கத்து எண்ணும் மாறியாக வேண்டும். வரைந்தவர் ஒதுங்கி நிற்கவும் இடமில்லை, கட்டுபவர் தன்பாட்டில் மாற்றவும் இடமில்லை.

எனக்கு மிகப் பிடித்த கட்டம், கூடாரங்களை உயர்த்திய விதம். 45 மீற்றர் உயரத் தூண்கள் அவற்றைத் தாங்குகின்றன. ஒரு கூடாரத்தை மட்டும் இழுத்துக் கட்டினால் தூண் அந்தப் பக்கம் வளையப் பார்க்கும். அடுத்த கூடாரம் எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் நேராக நிற்கும். ஆகவே 21 கூடாரங்களை ஒரு தொகுதியாக்கி, அவ்வளவையும் ஒரே நேரத்தில் உயர்த்தினார்கள். அப்படிப் பத்துத் தொகுதிகள். எப்படி ஏற்றுவது என்பது கட்டுபவரின் பாடு என்று விட்டிருந்தால், தூணின் அளவையே தீர்மானித்திருக்க முடியாது.

இனி நம் கதை.

நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில் இரண்டு மாடிக் கட்டடம் எழுந்தது. வரைபடத்தில் படிக்கட்டு வடக்கே. அங்கே ஒரு மாமரம் நின்றதால் வேலைத்தளத்தில் தெற்கே மாற்றிவிட்டார்கள். மரத்தைக் காப்பாற்றியது நல்ல விஷயம்தான். ஆனால் வரைந்தவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேல்மாடி பீம் வரைபடத்தில் இருந்த இடத்திலேயே வந்தது. படியேறும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் கடைசி நான்கு படிகளிலும் குனிந்துதான் போவார்கள். நெற்றியில் வீக்கத்தோடு வந்தவர்களுக்கு நானே ஐஸ் வைத்திருக்கிறேன். வரைந்தவர் கட்டியவரைக் காட்டினார், கட்டியவர் வரைபடத்தைக் காட்டினார்.

நமது பள்ளிவாசல் வரைபடம் பிரதேச சபை அனுமதிக்காக எடுத்தது. அனுமதி கிடைத்ததோடு வரைந்தவரின் கணக்கை முடித்துவிட்டு, மிகுதியைப் பாஸிடம் ஒப்படைப்போம் என்று நிர்வாகத்தில் சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். பணத்தை மிச்சப்படுத்தும் எண்ணம்தான், குறை சொல்லவில்லை. நமது பாஸ் திறமையானவர், அவர் கட்டிய வீட்டில்தான் நானும் இருக்கிறேன். ஆனால் பழைய தூண்களுக்கு மேலே ஒரு மாடி ஏறப் போகிறது. அந்தத் தூண்களுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்பதை வரைந்தவர் நேரில் பார்த்தாரா? கொங்கிறீட் ஊற்றும் ஒவ்வொரு நாளும் அவர் வருவதற்கு எவ்வளவு கேட்பார் என்று யாராவது விசாரித்தோமா? நம்மிடம் அறை நிறைந்த கணினி தேவையில்லை. கம்பி கட்டி முடிந்ததும் பாஸ் ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப, வரைந்தவர் பார்த்து "சரி" என்ற பிறகு ஊற்றலாம். இதற்குச் செலவு டேட்டா மட்டுமே.

பஸ்லுர் ரஹ்மான் கான் 1982 மார்ச் 27ஆம் திகதி மாரடைப்பால் வபாத்தானார். வயது 52. வபாத்தான இடமும் ஜித்தாதான். அடுத்த வருடம் அந்த முனையத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகக் கூட்டம். பாஸ் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரைந்தவரையும் யாராவது அழைத்து வாருங்கள். போக்குவரத்துச் செலவை நான் தருகிறேன்.