கூம்புப் பலகையும் செவ்வகப் பலகையும்

அமெரிக்காவில் குயில்ட் எனப்படும் பஞ்சு வைத்த விரிப்புகளைத் தைப்பவர்களிடம் இரண்டு வகை இஸ்திரிப் பலகைகள் புழங்குகின்றன. ஒன்று, பல வீடுகளில் இருக்கும் மடக்குப் பலகை: சுமார் 54 அங்குல நீளம், 13 முதல் 15 அங்குல அகலம், ஒரு முனை கூம்பு. மற்றது, பெரும்பாலும் 22 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் கொண்ட செவ்வகப் பலகை. பரப்பில் இது முன்னதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் அளவு சார்ந்ததன்று.

கூம்புப் பலகை உடைக்காகப் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் தையல் தொழில் செய்த கறுப்பினப் பெண் சாரா பூன், 1892 ஏப்ரல் 26 அன்று மேம்பட்ட இஸ்திரிப் பலகை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பெண்களின் மேலுடையில் கைப்பகுதியையும் உடல்பகுதியையும் தேய்க்க ஏற்றபடி, குறுகி வளைந்த வடிவம் அது. தைத்து முடித்த உடை ஒரு குழாய். அதற்குள் பலகை நுழைந்தால்தான் ஓர் அடுக்கை மட்டும் தேய்க்க முடியும். நம் தெருவோர இஸ்திரி வண்டியில் மேடை அகலமாக இருப்பதால் சேலையும் வேட்டியும் வசதியாகப் படிகின்றன. சட்டைக் கையையோ இரட்டையாகப் படுக்கவைத்துத்தான் தேய்க்கிறார்கள், அதனால் ஓரத்தில் கோடு விழுகிறது. துணியின் உருவம் பலகையின் உருவத்தைக் கேட்கிறது.

குயில்டில் நுழைக்கக் குழாயே இல்லை. பருத்தித் துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்கி, நடுவில் பஞ்சு அடுக்கும் அடியில் ஒரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பதே குயில்ட். தொடக்கம் முதல் கடைசி வரை தட்டைத் துணிதான். அங்கே கூம்பு முனை வீண் இடம். குயில்டுக்கு விற்கும் பருத்தித் துணி கரைக்குக் கரை சுமார் 44 அங்குலம். செவ்வகப் பலகையின் நீளத்தில் அந்த அகலம் முழுதாகப் படியும். கடையில் இரண்டாக மடித்துச் சுற்றி வரும் துணி 22 அங்குலம். பலகையின் அகலமும் அதுவே. கூம்பைக் கழித்தால் சாதாரணப் பலகையின் நேரான பகுதி பெரும்பாலும் 44 அங்குலத்தை எட்டுவதில்லை. மூன்று கெஜத் துணியைப் பெரிய பலகையில் ஐந்து முறை நகர்த்தித் தேய்த்துவிடலாம்; சிறியதில் எட்டு முறை நகர்த்தியும் ஓரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

தொங்கினால் என்ன? உடைக்குப் பெரிய கேடில்லை. குயில்டில் கேடுண்டு. பாவும் ஊடையும் ஓடும் திசையில் துணி எளிதில் இழுபடாது, மூலைவாட்டில் இழுபடும். முக்கோணத் துண்டுகளின் ஓரம் பல இடங்களில் மூலைவாட்டாகவே அமையும். பலகையிலிருந்து வழியும் பாரமும், சூடும், முன்னும் பின்னும் ஓடும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் அந்த ஓரம் நீண்டுவிடும். ஆகவே குயில்ட்காரர்கள் பெட்டியை இழுக்காமல், வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். தையலுக்கு அவர்கள் விடும் ஓரம் கால் அங்குலம் மட்டுமே. ஒவ்வொரு தையலிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால், பதினாறு தையல் கொண்ட வரிசையில் ஓர் அங்குலம் போய்விடும்; அப்புறம் பக்கத்து வரிசையோடு அது பொருந்தாது.

மேற்பரப்பிலும் இரண்டும் எதிரெதிர். சாதாரணப் பலகையின் உலோக வலை நீராவியைக் கீழே விடும். அதன் மெத்தென்ற பரப்பில் தையலின் தடிப்பு அமுங்குவதால், உடையின் வெளிப்பக்கத்தில் தடம் விழாது. அதே மென்மை குயில்டுக்கு ஆகாது: தையல் தட்டையாகப் படியக் கெட்டியான அடிப்பரப்பு வேண்டும். அதனால் பிளைவுட் மீது ஓரிரு அடுக்குப் பருத்திப் பஞ்சு விரித்து, கெட்டிப் பருத்தித் துணியை இழுத்து அடியில் ஸ்டேப்ளர் ஊசி அடிக்கிறார்கள். செயற்கை இழைப் பஞ்சு சூட்டில் உருகும் என்பதால் தவிர்க்கிறார்கள். இந்தப் பிளைவுட் பலகைக்கும் ஒரு குறை உண்டு: நீராவிக்கு வழியில்லை. ஈரம் தங்கினால் மரம் வளையும். நீராவியை அதிகம் நம்புபவர்களுக்கு இது ஒத்துவராது.

இடமும் நிலைப்பும் சாதாரணப் பலகையின் பக்கம். மடித்துச் சுவரில் சாய்த்துவிடலாம். பெரிய பலகையைப் பலர் அந்த மடக்குப் பலகையின் மேலேயே ஏற்றுகிறார்கள். நழுவாமலிருக்க அடியில் இரு மரச் சட்டங்கள், பழைய பலகையை இருபுறமும் கவ்வும்படி. ஆனால் மெல்லிய கால்கள் மேல் கனமான தளம். ஒரு முனையில் கை ஊன்றினால் கவிழக்கூடும், அதுவும் சூடான பெட்டியோடு. உறுதியான மேசையோ இழுப்பறை அலமாரியோ இதைவிடப் பாதுகாப்பு.

அப்படியானால் எல்லாருக்கும் பெரியது தேவையா? வேலையைக் கட்டங்களாகப் பிரித்தால் விடை தெரியும். வெட்டுமுன் முழுத் துணியைத் தேய்ப்பது ஒரு கட்டம். முடிந்த மேல்துணியைத் தேய்ப்பது இன்னொன்று. பெரிய கட்டிலுக்கான விரிப்பு ஒரு பக்கம் 90 அங்குலத்தைத் தொடும். இந்த இரண்டிலும் செவ்வகப் பலகைக்கு ஈடில்லை. நடுக்கட்டமான துண்டு இணைப்பில், தையல் ஓரம் உட்பட பன்னிரண்டரை அங்குலச் சதுரம்தான் பொதுவாகக் கையாளப்படுகிறது. அது சிறிய பலகையிலேயே அடங்கும். அங்கே குறை அகலம் அல்ல, மென்மை. ஒரு கெட்டி விரிப்பைப் போட்டால் தீர்ந்தது. சுவர்த்தொங்கலும் குழந்தை விரிப்பும் தைப்பவருக்கு இவ்வளவு போதும். கட்டில் விரிப்பு தைப்பவர் பெரிய பலகைக்கு இடம் ஒதுக்குவது தகும். உடை, குயில்ட் இரண்டும் தைப்பவர், எடுத்து மாட்டும் தளம் ஒன்றைச் செய்துகொண்டு, கூம்புப் பலகையையும் கைவசம் வைத்திருப்பதே நல்லது. சட்டைத் தோளுக்கு 22 அங்குலச் செவ்வகத்தால் எந்த உதவியும் இல்லை.