கிளிப்பிள்ளை

விளையாட்டு விஷயத்தில் என் ஞானம் மிகவும் சொற்பம். பள்ளியில் படித்த நாளில் பந்து என்னைத் தேடி வந்த சமயங்களில் எல்லாம் மரியாதையாக விலகி நின்று அதற்கு வழி விட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு பந்தாட்டக்காரரைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒரு சுரங்கப்பாதை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில் என் மருமான் உத்தியோகத்தில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, நகரத்துக்கு அடியில் குடைந்திருக்கும் பெரிய சுரங்கத்தின் வழியே காரை ஓட்டிக்கொண்டு போனான். 'கிரஹாம் பார்மர் நெடுஞ்சாலை' என்று பெயர். "யாரப்பா இந்தப் பார்மர்?" என்று கேட்டேன்.

"யாராவது மந்திரியாக இருக்கும், மாமா" என்றான்.

நம் ஊர் அனுபவத்தை வைத்து அவன் ஊகித்தான், அதில் தப்பில்லை. ஆனால் ஆள் மந்திரி அல்ல. அநாதை விடுதியில் வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் ஓயாமல் தொணதொணவென்று பேசியதால் 'பாலி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அங்கே கிளியைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது. கடைசி வரை அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உச்சரிப்பில் கொஞ்சம் ஏமாந்தால் தமிழில் 'போலி' ஆகிவிடும். அதைவிட அநியாயம் அவருக்கு வேறு இருக்க முடியாது.

1935-ம் வருஷம் பிறந்தவர். தாயார் நூங்கார் என்ற பூர்வகுடி இனத்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே, கேட் அம்மையார் என்ற கன்னிகாஸ்திரீ நடத்திய விடுதியில் சேர்க்கப்பட்டார். அந்த விடுதி 1933-ல் ஏற்பட்டது. பூர்வகுடித் தாய்மாருக்குப் பிறந்த, நிறம் கொஞ்சம் வெளுத்த குழந்தைகளைத் தனியே வளர்த்து, வெள்ளையர் சமூகத்தில் கரைத்துவிட வேண்டும் என்பது அக்காலத்துச் சர்க்காரின் எண்ணம். இந்தக் கொள்கையின் சூத்திரதாரியாக இருந்த நெவில் என்ற அதிகாரிக்குப் பல வருஷங்கள் இருந்த பதவிப் பெயர் என்ன தெரியுமா? பூர்வகுடிகளின் தலைமைப் பாதுகாவலர்! தாயிடமிருந்து பிள்ளையைப் பாதுகாத்தார் போலும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த விடுதியைப் பற்றிப் பார்மர் நன்றியோடுதான் பேசினார். அவர் சார்பில் நான் கோபப்பட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் கோபம் வருகிறது, என்ன செய்ய?

குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் வேறு வந்தது. ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாகப் போயிற்று. இந்தக் காலோடுதான் அவர் தாவப் போகிறார்.

ஆஸ்திரேலியப் பந்தாட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்து உருண்டையாக இராது. மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். உதைக்கலாம், பிடிக்கலாம், ஆனால் எறியக் கூடாது. கையால் கொடுப்பதானால் ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். பார்மர் ஆடிய நாளில் நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார். அது மேலே எழும்பும்போது இரு பக்கத்து நெட்டையர்களும் எழும்பி, தங்கள் ஆளை நோக்கித் தட்டிவிடுவார்கள். இந்த நெட்டையர் வேலைதான் பார்மருக்கு.

அவர் காலம் வரையில், முஷ்டியால் குத்திக் கொடுப்பது அகப்பட்டுக்கொண்டவன் செய்கிற காரியம். தப்ப வழி இல்லையா, யாரிடமாவது தள்ளிவிடு என்பதுதான். உதைப்பதே ஆண்மை என்று நினைத்த ஆட்டம் அது. பார்மர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். எதிரியைவிடச் சற்று முன்பே எழும்பி, பந்தைத் தட்டாமல் ஆகாயத்திலேயே பற்றுவார். கால் தரையில் பாவுவதற்குள், ஓடி வருகிற சகா எந்த இடத்துக்கு வந்து சேருவானோ அந்த இடத்துக்குக் குறி பார்த்துக் குத்தி அனுப்புவார். தற்காப்பாக இருந்தது தாக்குதலாக மாறிவிட்டது.

இந்தக் கை எப்படி வந்தது? அவருக்குப் பிழைப்பு மோட்டார் கார் விற்பது. விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தச் சந்துக்குள் பந்தைக் குத்திக் குத்திப் பழகுவாராம். வாங்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

கிழக்குப் பெர்த் சங்கத்தில் 1953 முதல் 1961 வரை 176 ஆட்டங்கள். 1956, 1958, 1959 ஆகிய மூன்று வருஷங்களில் அந்தச் சங்கத்துக்கு வெற்றிப் பட்டம். அதே விடுதியில் வளர்ந்த டெட் கில்மரேயும் அங்கே ஆடினார். 1958-ல் அந்த மாகாணத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஸாண்டோவர் பதக்கம் அவருக்குத்தான். பார்மருக்கு 1956-லும் 1960-லும் அது கிடைத்தது.

பிறகு 1962-ல், கண்டத்தின் மறுகோடியில் விக்டோரியா மாகாணத்திலுள்ள ஜீலாங் சங்கம். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அந்தப் பருவமே பெரும்பாலும் வீண். மறு வருஷம் எழுந்து வந்தார். பில்லி கோகின் என்ற குள்ளமான ஆட்டக்காரர் ஓடுவார். பந்து அவர் கைக்குத் தானாக வந்து சேரும். 1963-ன் இறுதி ஆட்டத்தில் ஹாத்தார்ன் சங்கத்தை 49 புள்ளிகளில் ஜீலாங் ஜெயித்தது.

1967 மே 27-ம் தேதி ஆஸ்திரேலியாவில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. ஜனத்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் இருந்த ஷரத்தை நீக்கலாமா என்பது அதில் ஒரு கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நீக்கலாம் என்றார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பார்மர் ஜீலாங்குக்குத் தலைவராக நின்று இறுதி ஆட்டத்தில் ரிச்மண்டிடம் 9 புள்ளிகளில் தோற்றார். நூறாயிரம் பேருக்கு மேல் கூடி அவர் பந்து பிடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தாயாரின் ஜனங்களை எண்ணலாம் என்று அப்போதுதான், நாலே மாதத்துக்கு முன், தீர்மானமாகியிருந்தது!

அதன் பின் பெர்த்துக்கே திரும்பி, மேற்குப் பெர்த் சங்கத்தில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். 1969-லும் 1971-லும் பட்டம். இரண்டு தடவையும் தோற்றது அவருடைய பழைய கிழக்குப் பெர்த். 1971-ன் அந்த வெற்றியோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். ஆக மொத்தம் மூன்று சங்கங்களிலும் 356 ஆட்டங்கள்.

முதுமையில் மறதி நோய் பிடித்துக்கொண்டது. ஓயாமல் பேசிய பிள்ளை மெல்ல மெல்லப் பேச்சு இழந்தார். 2019 ஆகஸ்டில் தமது 84-வது வயதில் காலமானார். அவருடைய மூளையைப் பரிசோதித்தவர்கள் 2020-ல் முடிவைச் சொன்னார்கள்: திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் உண்டாகும் சிதைவு. அந்த ஆட்டத்தின் பெரிய லீகில் ஆடியவர்களில் இந்த நோய் உறுதியானது முதன்முதலில் இவருக்குத்தான். ஒவ்வொரு தாவலும் இன்னொரு நெட்டையன்மேல் மோதிய தாவல் அல்லவா?

ஊர் திரும்பும் நாளன்று விமான நிலையத்துக்கு மறுபடி அதே சுரங்கத்தின் வழியே போனோம். இதற்குள் நான் கதை முழுவதும் சொல்லி மருமானை அலுக்க வைத்திருந்தேன். "உங்க கிளிப்பிள்ளை ரோடு வந்தாச்சு, மாமா" என்றான். காரின் கண்ணாடியைப் பாதி இறக்கி, அந்த இடைவெளியைக் கையால் அளந்து பார்த்தேன். ஒரு பந்து நுழைகிற அளவுதான் இருந்தது.

"புகை உள்ளே வருது, மாமா. கண்ணாடியை ஏத்துங்கோ" என்றான்.