உறக்கம் காத்த அசைகள்

பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து மறதியை அளந்தவர் ஜெர்மானிய உளவியலறிஞர் எபிங்ஹௌஸ். 1885இல் அவர் வெளியிட்ட நூலின் அட்டவணையில் ஒரு புதிர் இருந்தது. முதல் மணி நேரத்தில் விரைந்த மறதி, ஒன்பதாம் மணி முதல் ஒருநாள் நிறையும்வரை ஏறத்தாழ நின்றேவிட்டது. இடையில் வந்த இரவுறக்கம் காரணமோ என்று எண்ணிய அவர், அது நம்பத்தக்கதன்று என ஒதுக்கினார்; ஆயினும் அவ்வெண்களைத் திருத்தாமல் அச்சிட்டார்.

1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்சும் டாலன்பாக்கும் இரு மாணவரைக் கொண்டு அதனைச் சோதித்தனர். கற்ற 10 அசைகளுள், 8 மணி நேரம் விழித்திருந்தபின் எஞ்சியது ஏறத்தாழ ஒன்று. உறங்கி எழுந்தபின் ஐந்துக்கு மேல். விழிப்பின் புதுவரவுகளே பழையதை மறைக்கின்றன என்றனர். உறக்கம் நினைவை உறுதியும் செய்கிறது என்பது பிற்கால ஆய்வு.

ஆசிரியரே ஏற்காத உண்மையை அவருடைய எண்கள் 39 ஆண்டுகள் காத்துவைத்தன.