கேதம் கேட்கப்படாதவர்கள்

போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது ராசிங்காபுரம். விடிவதற்கு முன்பே இங்கே ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குவாளியோடும் மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாளோடும் ஏறுகிறவர்களில் பெண்களே அதிகம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரள எல்லைக்குள் ஏலத்தோட்டங்களில் களை எடுத்து, காய் எடுத்து, பொழுது சாயக் கீழே இறங்குவார்கள். வழியில் ஒரு வண்டி உருண்டால் முதலில் ஓடிப்போய்த் தூக்குகிறவர்கள் பின்னால் வரும் ஜீப்பில் இருப்பவர்கள்தான். ஆம்புலன்ஸ் அப்புறம்தான் வரும்.

இந்த மலையில் தூக்குவது பழைய வேலை. 1902-இல் மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை அதில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. பிறகு அகலம் கூட்டிப் போட்ட ரயில் பாதையை 1924 பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தேயிலைக்கு வடம் கட்டிய அந்தக் காலத்திலும் மனிதர்களுக்கு டோலிதான். ஒரு நீளக் கழி, அதன் இரு முனைகளிலும் முடிச்சிட்ட போர்வை, உள்ளே நோயாளி. முன்னால் ஒரு தோள், பின்னால் ஒரு தோள். கூட நடப்பவர்கள் சிறிது தூரத்துக்கு ஒருமுறை தோள் மாற்றிக்கொள்வார்கள். சாலை எட்டாத மலைக்குடியிருப்புகளில் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அதுவே வண்டி.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள் அவர்கள். புகையைப் பார்த்து முதலில் மேலே ஏறியவர்கள் சுற்றுவட்டாரத்து மக்கள். கருகிய உடம்புகளைப் போர்வையில் ஏந்தி, இருட்டில், கால் வழுக்கும் சரிவில் இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் பிறகு சேர்ந்தார்கள். போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளில் நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறி, இறந்தவர்கள் 23 பேர் ஆனார்கள். அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகள் மலை ஏறுகிறவர்களுக்கானவை. அன்று தூக்கி இறக்கியவர்கள் மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் எழுந்து வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

மதுரை, தேனிப் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைக் ‘கேதம் கேக்கப் போறது’ என்பார்கள். செத்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எப்படி ஆச்சு, கடைசியில் என்ன பேசினார் என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் அதே கதையை வருகிறவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வார். சொல்லச் சொல்லத்தான் ஆறும். ஆனால் கேதம் உறவுக்கு உரியது. முன்பின் தெரியாத ஒருவரின் பிணத்தைத் தோளில் சுமந்தவனுக்குத் துக்கம் கொண்டாட முறை கிடையாது. அவன் வீட்டுக்கு யாரும் கேதம் கேட்கப் போவதில்லை. அவன் தூக்கத்தில் அலறினால் ‘அரண்டு போயிருக்கான்’ என்று சொல்லித் திருநீறு போட்டு மந்திரிப்பார்கள், கையில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். இதை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. அவனுக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்பதை ஊர் ஒத்துக்கொண்டதன் அடையாளம் அந்தக் கயிறு. அலுவலகங்கள் பலவற்றில் அந்த ஒப்புதல்கூடக் கிடைப்பதில்லை.

உலகத்தின் வேறொரு மூலையில் இதே குறையை ஒரு தீயணைப்பு வீரர் கவனித்தார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் தீயணைப்பு வீரராகவும் ஆம்புலன்ஸ் உதவியாளராகவும் இருந்த ஜெஃப்ரி மிட்செல், கோரக் காட்சிகளைக் கண்ட மீட்புப் பணியாளர்களைச் சில நாள்களுக்குள் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் செய்யும் முறையை 1983-இல் எழுதி வெளியிட்டார். கூட்டத்தை நடத்துவோரில் மனநல நிபுணரோடு அதே தொழிலைச் செய்யும் சக பணியாளர்களும் இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் வாஷிங்டனின் பொடோமாக் ஆற்றில் விமானம் விழுந்து 78 பேர் இறந்திருந்தார்கள். பனிக்கட்டி நீரில் உடல்களைத் தேடியவர்களின் நிலை அந்த விபத்துக்குப் பின் பேசுபொருளானது. 1989-இல் இதற்கென ஒரு அறக்கட்டளை தோன்றிப் பல நாடுகளுக்கும் கிளை விரித்தது.

அந்த முறை விமர்சனத்துக்குத் தப்பவில்லை. ஒரே ஒருமுறை உட்காரவைத்துப் பேசச் சொல்வது பிற்கால மன நோயைத் தடுப்பதில்லை என்று 2002-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. கட்டாயப்படுத்திப் பேசவைப்பது சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு ஆகவே எளிமையானது: பார், காது கொடு, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு. பேச விருப்பமில்லாதவரைத் தோண்டக் கூடாது. கேதத்துக்குப் போகிற நம் கிழவிகளுக்கு இது தெரியும். பாதிப் பேர் பேசாமலே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

நிபுணர் அல்லாதவர் துணையாக முடியும் என்பதற்கு இன்னும் பழைய சாட்சி உண்டு. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் தன்னோடு பேசலாம் என்று அறிவித்தார். வரிசையில் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தொண்டர்கள் சிலர் வந்தார்கள். அவர்களிடம் பேசிவிட்டே பலர், இனிப் பாதிரியாரைப் பார்க்க வேண்டியதில்லை என்று எழுந்து போனார்கள். சில மாதங்களில் கேட்கும் வேலையைத் தொண்டர்களிடமே விட்டார் அவர். அந்த வழியில் நாடு தாண்டி வளர்ந்த தொண்டர் வலையில் கொழும்பின் ‘சுமித்ரயோ’ உண்டு. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’வும் உண்டு.

தமிழகத்தில் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையில் பிணங்களைப் பொறுக்கியவர்களில் பலர், தங்கள் வீட்டாரையும் தேடிக்கொண்டிருந்த மீனவர்கள். அத்தனை பேருக்கும் மனநல மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஊர்க்காரர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்து அவர்களையே வீடு வீடாக அனுப்பியது. 2018-இல் தமிழகக் காவல்துறையும் அதே நிறுவனத்தோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது.

தோட்டத்துக்கு இன்னும் அப்படியொன்று வரவில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பறை, மருத்துவம், குழந்தைகள் காப்பகம், வீடு என்று எழுதிவைத்தது. அதுவும் 15 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் சிறு தோட்டங்களைத் தொடவில்லை. ராசிங்காபுரத்து ஜீப்புகள் போகிற இடங்களில் சிறு தோட்டங்களும் நிறைய.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மீட்கப்பட்ட உடல்கள் 66. மண்ணைத் தோண்டித் தேடியவர்களில் அக்கம்பக்கத்து எஸ்டேட்காரர்களும் இருந்தார்கள். அந்த மண்ணிலேயே அவர்களுக்கு மறுபடி வேலை.

2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச மனநல உதவி எண் நாடு முழுக்க இயங்குகிறது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு குரலிடம் பேச, முதலில் யாராவது பக்கத்தில் இருந்து எண்ணை அழுத்திக் கொடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் ஜீப் ஓட்டுநராக இருக்கலாம், காய் எடுப்புக்கு ஆள் சேர்க்கும் அக்காவாக இருக்கலாம். பயிற்சியை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். சாயங்காலம் வளைவுகளில் இறங்கும் அந்த ஜீப்புக்குள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வாய்க்கும் நேரம். ராசிங்காபுரத்தில் இறங்கியதும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கும்.