வழி அடைபட்ட இளம் வீரர் (பேஸ்பால்)

வழி அடைபட்ட இளம் வீரர் என்பவர், அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் ஆடும் அளவுக்குத் தேறிய பின்னும், தன் இடத்தில் இன்னொருவர் நிலைகொண்டிருப்பதால் அதற்குக் கீழுள்ள மைனர் லீகிலேயே காத்துக் கிடக்கும் பேஸ்பால் ஆட்டக்காரர். அமெரிக்க ரசிகர்கள் இவரை ‘பிளாக்டு பிராஸ்பெக்ட்’ என்பார்கள். மூத்தவரின் நீண்ட ஒப்பந்தம், அணிப்பட்டியல் விதிகள், சம்பளக் கணக்கு, காயத்துக்கு அஞ்சி ஆள் சேர்த்து வைக்கும் வழக்கம் என இந்த அடைப்புக்குக் காரணங்கள் பல. ஒவ்வொரு வசந்த காலப் பயிற்சி முகாம் முடியும்போதும், யாரை மேலே வைத்திருப்பது, யாரைக் கீழே அனுப்புவது என்று அணி எடுக்கும் முடிவுகளில் ரசிகர்கள் அதிகம் சண்டையிடுவது இதைப் பற்றித்தான்.

களத்தில் உள்ள இடங்கள்

கிரிக்கெட்டில் ஆறாவதாக இறங்க இடமில்லாத மட்டையாளரை மூன்றாவதாக இறக்கிப் பார்க்கலாம். பேஸ்பாலில் ஓர் ஆட்டக்காரரின் இடம் என்பது முதலில் அவர் களத்தில் நிற்கும் இடம். முதல் பேஸ் ஒன்றுதான், ஷார்ட்ஸ்டாப் ஒன்றுதான், கேட்சர் ஒருவர்தான். அணிக்கு இரண்டு நல்ல முதல் பேஸ்காரர்கள் இருந்தால் ஒருவர் உட்காரத்தான் வேண்டும்.

இடக்கையால் எறிபவர்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ் ஆகிய இடங்களில் பந்தைப் பிடித்தவர் உடனே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். வலக்கைக்காரருக்கு அந்தத் திசை இயல்பாக வரும். இடக்கைக்காரர் உடம்பைத் திருப்பி எறிவதற்குள் ஓடுபவர் பேஸைத் தொட்டுவிடுவார். கேட்சராகவும் இடக்கைக்காரர்களை நிறுத்துவதில்லை. ஆக, பந்து வீசாத இடக்கைக்காரருக்கு மிஞ்சுவது முதல் பேஸும் வெளிக்களமும்தான். ஓட்டத்தில் வேகம் இல்லாவிட்டால் வெளிக்களமும் போய்விடும். அடிப்பதற்கு மட்டும் இறங்கும் ‘டெசிக்னேட்டட் ஹிட்டர்’ இடத்தை, மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 1973-இல் கொண்டுவந்தது. மற்றப் பாதியான நேஷனல் லீக் அதை நிரந்தரமாக ஏற்றது 2022-இல்தான். அதுவரை நேஷனல் லீக் அணிகளில் இத்தகையவருக்கு முதல் பேஸை விட்டால் வேறு கதி இல்லை.

பட்டியல் விதிகள்

மேஜர் லீகில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதியுள்ளோர் பட்டியலில் 26 பேர். செப்டம்பரில் மட்டும் 28. இந்த 26 பேரில் பந்து வீசுபவர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மீதியுள்ள 13 பேரில் ஒன்பது பேர் தினமும் ஆடினால் பெஞ்சில் நால்வர். அந்த நால்வரில் ஒருவர் மாற்று கேட்சர். பெஞ்சில் உட்கார வைத்தால் இளைஞருக்கு வாரத்துக்கு ஓரிரு முறைதான் மட்டை பிடிக்கக் கிடைக்கும். அதைவிட டிரிபிள் ஏ எனப்படும் மைனர் லீகின் உச்சப் படியில் தினமும் ஆடட்டும் என்பது மேலாளர்களின் வழக்கமான பதில்.

இதற்கு மேல் 40 பேர் கொண்ட பெரிய பட்டியல் ஒன்று உண்டு. அதில் இடம்பெற்ற ஒருவரை மைனர் லீகுக்கு அனுப்பும் உரிமைக்கு ‘ஆப்ஷன்’ என்று பெயர். பொதுவாக ஒரு வீரர்மீது மூன்று பருவங்களுக்கு இந்த உரிமை செல்லும். அது தீர்ந்த பிறகு அவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் முதலில் மற்ற 29 அணிகளுக்கும் அவரை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும். இதற்கு ‘வேய்வர்ஸ்’ என்று பெயர்.

ரசிகர்களை அதிகம் எரிச்சலூட்டும் முடிவுகள் இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன. முகாமில் இளைஞர் நன்றாக அடித்திருப்பார். சுமாராக ஆடிய முப்பது வயதுக்காரருக்கு ஆப்ஷன் தீர்ந்திருக்கும். மூத்தவரை அனுப்பினால் வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடும். இளைஞரை அனுப்பினால் அணியிலேயே இருப்பார். அணி இருவரையும் இழக்க விரும்பாது. ஆகவே நன்றாக ஆடியவர் போகிறார், போக முடியாதவர் தங்குகிறார்.

பண்ணை முறையும் அதன் கட்டுப்பாடும்

இளம் வீரர்களைக் கூட்டமாக வளர்த்து வைக்கும் முறையை உருவாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய அவர், 1920-களில் சிறு ஊர்களின் மைனர் லீக் அணிகளை ஒவ்வொன்றாகத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். இதைப் ‘பண்ணை முறை’ என்றார்கள். அந்தப் பண்ணை உச்சத்தில் இருந்தபோது 30-க்கும் மேற்பட்ட அணிகள் அதில் அடங்கியிருந்தன. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஒரே முதலாளியிடம் ஒப்பந்தமாகி, மேலே இருந்த சில இடங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

பேஸ்பாலின் முதல் கமிஷனர் கெனசா மவுண்டன் லேண்டிஸுக்கு இந்த முறை பிடிக்கவில்லை. வீரர்களை மறைமுகமாகக் கட்டிவைத்ததாகக் கூறி, 1938-இல் கார்டினல்ஸ் பண்ணையிலிருந்து 70-க்கும் மேற்பட்டவர்களை அவர் விடுவித்தார். அவர்களில் ஒருவரான பீட் ரைசர் புரூக்ளின் டாட்ஜர்ஸில் சேர்ந்து, 1941-இல் .343 சராசரியுடன் நேஷனல் லீகின் முதல்நிலை மட்டையாளரானார்.

தேக்கி வைப்பதைத் தடுக்க இன்று உள்ள முக்கிய ஏற்பாடு, டிசம்பரில் நடக்கும் ‘ரூல் 5 டிராஃப்ட்’. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவங்களுக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பின்னரோ ஒப்பந்தமானவரை நான்கு பருவங்களுக்குள்ளும் 40 பேர் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து அவரை எடுக்கலாம். எடுத்த அணி மறு பருவம் முழுவதும் அவரை 26 பேருக்குள் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய அணிக்கே திருப்பித் தர முன்வர வேண்டும்.

இந்த டிராஃப்டின் பெரும் பரிசு ரோபர்ட்டோ கிளெமென்டே. 1954-இல் டாட்ஜர்ஸ் 10,000 டாலர் போனஸ் கொடுத்து இந்தப் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞரைச் சேர்த்தது. அந்த அணியின் வெளிக்களத்தில் டியூக் ஸ்னைடரும் கார்ல் ஃபுரில்லோவும் நின்றிருந்தார்கள். அவ்வளவு போனஸ் வாங்கியவரை மேஜர் லீக் பட்டியலில் வைக்காவிட்டால் பருவ முடிவில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. அது தெரிந்தே அவரை மான்ட்ரியலில் இருந்த மைனர் லீக் அணிக்கு அனுப்பினார்கள். பருவ முடிவில் கடைசி இடம் பெற்றிருந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் முதல் ஆளாக அவரை எடுத்தது. அப்போது பைரேட்ஸின் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி. ஒரு காலத்தில் இளைஞர்களைத் தேக்கி வைத்தவர், இப்போது வேறொருவரின் தேக்கத்திலிருந்து அள்ளினார். கிளெமென்டே 18 பருவங்கள் பிட்ஸ்பர்க்கிலேயே ஆடி 3,000 ஹிட்கள் எடுத்தார்.

அடைப்பு விலகும் வழிகள்

*இடமாற்றம்.* முன்னால் இருப்பவரை அசைக்க முடியாதபோது இளைஞரே வேறு இடம் பழகுவது. மூக்கி பெட்ஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸில் இரண்டாம் பேஸ்காரராக வளர்ந்தார். அங்கே டஸ்டின் பெட்ரோயா 2013-இல்தான் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். 2014-இல் பெட்ஸ் வெளிக்களத்துக்கு மாறி அந்த ஜூனிலேயே மேஜர் லீகில் அறிமுகமானார். 2018-இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார்.

*பரிமாற்றம்.* இடமில்லாதவரை வேறு அணிக்குக் கொடுத்துத் தேவையானதை வாங்குவது. 1990 ஆகஸ்ட் 30-இல் ரெட் சாக்ஸ், லாரி ஆண்டர்சன் என்ற மூத்த பந்து வீச்சாளருக்காக ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுத்தது. பேக்வெல் அப்போது மூன்றாம் பேஸ்காரர். பாஸ்டனில் அந்த இடம் வேட் பாக்ஸுடையது. ஆண்டர்சன் 15 ஆட்டங்களில் 22 இன்னிங்ஸ் நன்றாகவே வீசினார். ரெட் சாக்ஸ் தன் பிரிவில் முதலிடம் பெற்று, அடுத்த சுற்றில் ஓக்லாந்திடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. பருவம் முடிந்ததும் ஆண்டர்சன் வேறு அணிக்குப் போய்விட்டார். ஹூஸ்டனில் முதல் பேஸுக்கு மாறிய பேக்வெல் 1991-இல் சிறந்த புதுமுகம், 1994-இல் மிகச் சிறந்த வீரர், 2017-இல் ஹால் ஆஃப் ஃபேம் உறுப்பினர்.

ஏட்ரியன் கான்சாலஸின் கதை வேறு விதம். 2000-ஆம் ஆண்டு புதிய வீரர்களுக்கான டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான அவர் டெக்சஸுக்கு வந்தபோது, முதல் பேஸில் மார்க் டெஷேரா நின்றிருந்தார். 2006 ஜனவரியில் சான் டியேகோவுக்குக் கைமாறிய பிறகே அவருக்கு அன்றாட இடம் கிடைத்தது.

*காயமும் தோல்வியும்.* 1925 ஜூன் 2-இல் நியூயார்க் யாங்கீஸ் மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ், முதல் பேஸ்காரர் வாலி பிப்புக்குப் பதிலாக லூ கெரிக்கை இறக்கினார். தலைவலி என்று பிப் ஒரு நாள் ஓய்வு கேட்டார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அணி தோற்றுக்கொண்டிருந்ததால், அன்று ஹக்கின்ஸ் பிப்பை மட்டுமல்ல, வேறு சிலரையும் மாற்றினார். பயிற்சியில் பந்து தலையில் பட்டு பிப் மருத்துவமனைக்குப் போனது அதற்கு ஒரு மாதம் கழித்து. இரண்டு முறை அமெரிக்கன் லீகில் அதிக ஹோம் ரன் அடித்தவர் அவர். மறு ஆண்டு சின்சினாட்டிக்கு விற்கப்பட்டார். கெரிக் இடைவிடாமல் 2,130 ஆட்டங்கள் ஆடினார்.

பணிக்காலக் கணக்கு

முன்னால் யாரும் இல்லாமலேயே இளைஞரைக் கீழே நிறுத்தி வைப்பதும் உண்டு. மேஜர் லீகில் 172 நாள் ஓர் ஆண்டுப் பணியாகக் கணக்காகும். ஆறு ஆண்டுகள் முடித்தவர் ஃப்ரீ ஏஜென்ட். விரும்பிய அணியோடு பேரம் பேசலாம். முதல் பருவத்தில் சில நாள் தாமதித்து அழைத்தால் அணிக்கு அவர் இன்னோர் ஆண்டு கிடைப்பார்.

2015 வசந்த காலப் பயிற்சியில் ஒன்பது ஹோம் ரன் அடித்த கிரிஸ் பிரையன்டை சிகாகோ கப்ஸ் மைனர் லீகுக்கு அனுப்பி, ஏப்ரல் 17-இல் மேலே அழைத்தது. அந்தப் பருவத்தில் அவருக்குச் சேர்ந்தது 171 நாள். களத்தடுப்பில் தேற வேண்டியிருந்தது என்றது அணி. வீரர்கள் சங்கத்தின் முறையீடு 2020-இல் தள்ளுபடியானது. 2022-இல் லீகும் சங்கமும் செய்த ஒப்பந்தத்தில் இதற்கு ஓரளவு மருந்து வந்தது: சிறந்த புதுமுக விருதுக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுபவருக்கு, எப்போது அழைக்கப்பட்டிருந்தாலும், முழு ஆண்டுப் பணி கணக்காகும். 2024 மே மாதம் அறிமுகமாகி விருது வென்ற பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸுக்கு முழு ஆண்டும் கிடைத்தது இந்த விதியால்தான்.

ரசிகரின் வாதமும் அணியின் வாதமும்

ரசிகரின் முதன்மையான வாதம் வயது. ஆட்டக்காரரின் நல்ல ஆண்டுகள் இருபதுகளின் பிற்பாதியில் வருகின்றன. அவற்றை டிரிபிள் ஏ மைதானங்களில் செலவழிப்பது வீண் என்பது அவர் கணக்கு. இளைஞரின் சம்பளம் குறைவு, ஆகவே மிச்சமாகும் பணத்தில் பந்து வீச்சாளரை வாங்கலாம் என்பதும் அதோடு சேரும். விற்பதென்றால் மதிப்பு இருக்கும்போதே விற்க வேண்டும். காத்திருப்பவரின் ஆப்ஷன் கரையக் கரைய விலையும் கரையும்.

அணி நிர்வாகம் இரண்டு விஷயங்களைச் சொல்லும். 162 ஆட்டப் பருவத்தில் யாராவது காயப்படாமல் இருப்பதில்லை, ஆகவே மிகுதி என்று ஒன்று கிடையாது. மைனர் லீக் எண்களை அப்படியே நம்பவும் முடியாது.

இரண்டாவதற்குச் சாட்சி பிரான்டன் வுட். 2005-இல் ரான்சோ குக்கமாங்கா மைனர் லீக் அணியில் 43 ஹோம் ரன் அடித்து நாடெங்கும் பேசப்பட்ட அவருக்கு, ஏஞ்சல்ஸ் அணியில் பல ஆண்டுகள் நிலையான இடம் கிடைக்கவில்லை. 2009 முடிவில் மூன்றாம் பேஸ்காரர் ஷோன் ஃபிகின்ஸ் சியாட்டிலுக்குப் போக, இடம் திறந்தது. 2010-இல் வுட்டின் சராசரி .146. காத்திருப்பு அவரைக் கெடுத்ததா, அல்லது அவரது குறையைத்தான் அவ்வளவு காலம் மூடி வைத்திருந்ததா என்ற கேள்விக்கு இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமான பதிலையே வைத்திருக்கின்றன.

பிலடெல்பியாவின் முதல் பேஸ், 2002–2012

இந்தச் சிக்கலின் எல்லாப் பக்கங்களும் ஒரே இடத்தில் தெரிவது பிலடெல்பியா பிலீஸ் அணியின் முதல் பேஸில். 2002 டிசம்பரில் அந்த அணி ஜிம் தோமேயை ஆறு ஆண்டுகளுக்கு 85 மில்லியன் டாலர் கொடுத்து அழைத்து வந்தது. அவர் 2003-இல் 47, 2004-இல் 42 ஹோம் ரன் அடித்தார். குறை சொல்ல எதுவுமில்லை.

2001 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் தேர்வான ரயன் ஹவர்ட் அதே காலத்தில் கீழே வளர்ந்துகொண்டிருந்தார். இடக்கையால் எறிபவர், பெரிய உடம்பு, நேஷனல் லீக் அணி. முதல் பேஸைத் தவிர வேறெங்கும் நிறுத்த முடியாது. 2004-இல் மைனர் லீகில் மட்டும் 46 ஹோம் ரன் அடித்தும் 2005 தொடக்கத்தில் அவருக்கு இடமில்லை. அந்தப் பருவத்தில் தோமே காயப்பட்ட பிறகே கதவு திறந்தது. ஹவர்ட் 88 ஆட்டங்களில் 22 ஹோம் ரன் அடித்துச் சிறந்த புதுமுகமானார். நவம்பரில் அணி தோமேயைச் சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்தது. அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்றது. 2006-இல் ஹவர்ட் 58 ஹோம் ரன்களுடன் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றார். 2008-இல் பிலீஸ் வேர்ல்டு சீரிஸை வென்றது.

ஹவர்ட் முழுப் பருவம் ஆடத் தொடங்கியபோது அவருக்கு வயது 26. பெரிய ஒப்பந்தமும் தாமதமாகவே வந்தது. 2010-இல் கையெழுத்தான 125 மில்லியன் டாலர் ஒப்பந்தம், 2012-இல் தொடங்கி அவரது 32 முதல் 36 வயது வரையிலான பருவங்களுக்கானது. அது தொடங்குவதற்கு முன்பே, 2011 அக்டோபரில் செயின்ட் லூயிஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், கடைசி அவுட்டாக ஓடும்போது அவரது குதிகால் தசைநாண் அறுந்தது. அதன் பின் அவர் பழைய ஆட்டத்துக்குத் திரும்பவில்லை.

2012 பருவம் தொடங்கியபோது ஹவர்ட் காயப் பட்டியலில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஏப்ரலில் சில ஆட்டங்களுக்கு முதல் பேஸில் வந்து நின்றவர், அந்தக் குளிர்காலத்தில் பிலீஸ் மீண்டும் ஒப்பந்தம் செய்திருந்த 41 வயது ஜிம் தோமே. ஜூன் 30-இல் அணி அவரை பால்டிமோருக்குக் கைமாற்றியது. ஒரு வாரத்துக்குள் ஹவர்ட் தன் இடத்துக்குத் திரும்பினார்.