ஒரு துறைமுகம், நான்கு ஊர்கள் – தாமிரபரணியோடு இரண்டு நாள் பயணம்

தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் மாமல்லபுரம் பார்ப்பார்கள், தஞ்சாவூர் பார்ப்பார்கள், மதுரை பார்ப்பார்கள். அப்புறம் நேராகக் கன்னியாகுமரிதான். நடுவில் வரும் திருநெல்வேலி பலருக்கு அல்வா வாங்கும் ஊர், அவ்வளவே.

ஆனால் இந்தத் திருநெல்வேலிச் சீமையில்தான் கிரேக்க மாலுமிகள் குறித்து வைத்த ஒரு துறைமுகம் இருந்தது. மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகம் ஒன்று இருந்தது. போர்ச்சுக்கீசியப் பாதிரியார் தமிழ் எழுத்துகளை அச்சடித்த கடற்கரையும் இங்கேதான். மூன்றும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம் என்று சொல்லும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன! ஏன் ஒரே இடத்தில் ஒரு பெரிய நகரமாக வளராமல் பக்கத்துப் பக்கத்தில் சின்னச் சின்ன ஊர்களாகக் கிடக்கின்றன? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றோடு இறங்கினால் இரண்டு நாளில் பதில் கிடைத்துவிடும். வாருங்கள் போகலாம்.

முதல் நாள் காலை: கோபுரத்துக்குள் ஒரு கப்பல்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து சுமார் 125 கி.மீ. ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பிறப்பதும் கலப்பதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. மலையிலிருந்து இறங்கி வரும் வழியில், கடனாநதி வந்து சேருகிற இடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. வீரவநல்லூர் பக்கமிருந்தும் முக்கூடல் பக்கமிருந்தும் போகலாம். நாறும்பூநாதர் கோயில்.

இந்தக் கோயிலின் அதிசயம் கோபுரத்துக்கு உள்ளே இருக்கிறது. ஐந்து நிலைக் கோபுரத்தின் உட்புறம் முழுவதும் மரச் சிற்பங்களும் சுவர் ஓவியங்களும். இவை 16, 17-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கணிக்கிறார்கள். புராணக் காட்சிகள், போர்க் காட்சிகள், இவற்றுக்கு நடுவே ஒரு கப்பல்! அதில் குதிரைகள் வந்திறங்குகின்றன. (மேலே ஏற அனுமதி உண்டா என்று முன்னாடியே கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

மலையடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. இங்கே இருந்த ஓவியனுக்குக் கடல் கடந்து வரும் குதிரை எப்படித் தெரிந்தது? இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை மத்தியானம் அந்தக் குதிரைகள் இறங்கிய இடத்துக்கே போகப்போகிறோம்.

முதல் நாள் மாலை: நகராத ஊர்

திருநெல்வேலிக்கு வந்தால் நெல்லையப்பர் கோயிலைப் பார்க்காமல் போக முடியாது. மணி மண்டபத்தில் தட்டினால் ஓசை தரும் இசைத் தூண்கள் இருக்கின்றன. நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. இரண்டு ஊர்களையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம், அதனால்தான் அவர் பெயர்.

ஊரின் பெயரிலேயே நெல் இருக்கிறது. அந்த நெல்லுக்குக் காரணம் அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் குறுக்கே மொத்தம் எட்டு. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தைய ஆட்சியாளர்கள் கட்டியவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய் பிரிந்து குளங்களை நிரப்பி வயலுக்குப் பாய்கிறது.

தண்ணீரோடு சேர்ந்து வண்டலும் வருகிறது. வயலுக்கு வண்டல் வரம். அதனால்தான் உள்நாட்டு ஊர்கள் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதே வண்டல் கடலோரத்துக்குப் போனால் என்ன செய்யும்? நாளை பார்ப்போம்.

இரண்டாம் நாள் காலை: ஆதிச்சநல்லூர்

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி கிருஷ்ணாபுரத்தைத் தாண்டிப் போனால் (நேரம் இருந்தால் இறங்கி நாயக்கர் காலச் சிற்பங்களைப் பாருங்கள், தவற விடாதீர்கள்) திருநெல்வேலியிலிருந்து சுமார் 24 கி.மீ. தூரத்தில் ஆதிச்சநல்லூர். பார்ப்பதற்குச் சரளைக் கல் நிறைந்த ஒரு மேடு. அந்த மேட்டுக்குள் 114 ஏக்கர் பரப்பில் முதுமக்கள் தாழிகள்.

1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர் முதலில் தோண்டினார். கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு போய்விட்டார். பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரியா சில ஆண்டுகள் தோண்டியதில் இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், தங்கத்தால் ஆன நெற்றிப் பட்டங்கள் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஏறக்குறைய நூறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2004-ல் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. 2023 ஆகஸ்டில் தாழிகளை அவை புதைந்திருந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியாகப் பார்க்கும் வசதி திறக்கப்பட்டது.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இறந்தவர்களைப் புதைக்க விவசாயத்துக்கு உதவாத மேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நஞ்சை நிலத்தைத் தொடவில்லை. இரண்டு, வெண்கலம் செய்யச் செம்போடு தகரம் வேண்டும். தகரம் தாமிரபரணிக் கரையில் கிடைக்காது. வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் இந்த மக்களுக்கு அப்போதே தூர தேசங்களோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு இருந்திருக்கிறது.

பக்கத்தில் உள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. நெல்லைச் சீமையின் நெல் எவ்வளவு பழையது பாருங்கள்!

முற்பகல்: கொற்கை

ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகக் கொற்கைக்குப் போகலாம். வழியெல்லாம் வாழைத் தோட்டமும் நெல் வயலும். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். போய் இறங்கினால் ஒரு சின்னக் கிராமம். கடலைக் காணோம்! கடல் இப்போது சுமார் 6 கி.மீ. தள்ளி இருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் கையேடு 'கொல்கோய்' என்று ஓர் ஊரைச் சொல்கிறது. அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளை முத்துக் குளிக்க வைத்தார்கள் என்றும், அந்த இடம் பாண்டியருடையது என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் கொல்கோய் இந்தக் கொற்கைதான் என்று அடையாளம் காட்டியவர் நம் கால்டுவெல். மொழி ஆராய்ச்சிக்காகவே நாம் அறிந்த இந்த மனிதர் இங்கே மண்ணையும் தோண்டிப் பார்த்திருக்கிறார்! 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணக்கிடப்பட்டது.

ஊரில் ஒரு பழைய வன்னி மரம் நிற்கிறது. அக்கசாலை விநாயகர் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். ஒரு தலைநகரத்தின் நினைவு ஒரு பிள்ளையார் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டை, கொத்தளம் எதுவும் கிடையாது. அகழாய்வில் கிடைத்ததெல்லாம் மண்ணுக்கு அடியில் இருந்தவைதான்.

மத்தியானம்: பழையகாயல்

கொற்கையின் துறையை ஆற்று வண்டல் தூர்த்தது. கடல் விலகியது. கப்பல்கள் வர முடியாமல் போனதும் வணிகர்கள் என்ன செய்வார்கள்? கடல் போன திசையில் அவர்களும் போனார்கள். கொற்கைக்கும் கடலுக்கும் நடுவே புதிய துறைமுகம் எழுந்தது. அதுதான் காயல். காயல் என்ற சொல்லுக்கே கடலோரத்து உப்பங்கழி என்றுதானே பொருள்.

13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிய நகரம் இது என்பது கால்டுவெல்லின் முடிவு. (பக்கத்துக் காயல்பட்டினம்தான் அது என்று சொல்வோரும் உண்டு.) ஓர்முஸ், ஏடன், அரபு நாடு ஆகிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் குதிரைகளோடு இங்கே வந்து நின்றன என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் பாண்டிய நாட்டுத் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும் ஒரு குதிரை 220 தினார் என்றும் கணக்குச் சொல்கிறார். திருப்புடைமருதூர் ஓவியன் வரைந்த குதிரைக் கப்பலுக்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய முன்னோர் இங்கே வந்த கப்பல்கள்தான்.

இன்று பழையகாயல் தூத்துக்குடி – திருச்செந்தூர் சாலையில் பஸ் நின்று போகும் ஓர் ஊர். கால்டுவெல் இங்கே தரையில் சீனப் பீங்கான் உடைசல்களைப் பொறுக்கி எடுத்தார். ஏன் 'பழைய' காயல் என்று பெயர் வந்தது என்று இனிமேல் சொல்லத் தேவையில்லை. மறுபடியும் அதே வண்டல்தான்.

சாயங்காலம்: புன்னைக்காயல், தூத்துக்குடி

முக்காணி பாலத்தைக் கடந்து ஆத்தூர் வழியாகப் போனால் ஆறு கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். 1542-ல் சேவியர் வந்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழைக் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. 1586-ல் அவருடைய 'அடியார் வரலாறு' புன்னைக்காயலில் அச்சானதாகச் சொல்கிறார்கள். இன்று இது ஒரு மீனவர் ஊர்.

16-ம் நூற்றாண்டின் இறுதியில் போர்ச்சுக்கீசியரின் முக்கியத் தளமும் வணிகமும் வடக்கே தூத்துக்குடிக்குப் போய்விட்டன. அங்கே பெரிய ஆறு எதுவும் கடலில் கலக்கவில்லை! ஆனாலும் கரையோரம் ஆழம் இல்லாததால் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நிற்க, தோணிகளில் சரக்கை ஏற்றி இறக்கினார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், பிறகு ஆங்கிலேயர்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இங்கேதான். புதிய துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

கடைசியாக ஒரு விஷயம்

கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி. நான்கும் நான்கு நகரங்கள் இல்லை, ஒரே துறைமுகம் மூன்று முறை வீடு மாறியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்த ஊரையும் ஒரு படையெடுப்பு மட்டும் அழித்துவிடவில்லை. மேலே நெல்லை விளைவித்த அதே வண்டல்தான் கீழே துறையை மூடியது.

ரோமில் போல இடிந்த தூண்கள் இங்கே இல்லை. அதனால் 'பார்க்க ஒன்றுமே இல்லையே' என்று திரும்பி விடுகிறோம். ஆனால் இங்கே காலடியில் இருக்கும் மண்தான் வரலாற்று ஏடு. அந்த ஏட்டைத்தான் லாரி லாரியாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. குடிதண்ணீருக்காகவும் பாசனத்துக்காகவும் நடந்த போராட்டம் அது. கொற்கையின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அந்த மண்ணைக் காப்பாற்ற இன்னொரு காரணமும் உண்டு.

அடுத்த முறை திருச்செந்தூர் போகிறவர்கள் ஏரல் பக்கம் கொஞ்சம் திரும்புங்கள். வாழைத் தோட்டத்துக்கு நடுவே நின்று, ஒரு காலத்தில் இங்கே அலை அடித்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது!